மக்களைச் சேர்த்துக்கொண்டால் ஆய்வு மேம்படுமா, இல்லை அது மானியத்துக்கான சடங்கா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரப்போகிறீர்கள். கறுப்பின மக்களிடையே ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் ஏன் இவ்வளவு அதிகம் என்பது உங்கள் வழிகாட்டியின் ஆய்வுத் திட்டம். அந்தத் திட்ட அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் ‘சமூகப் பங்கேற்பு’ என்று வருகிறது, அதாவது யாரைப் பற்றிய ஆய்வோ அந்த மக்களையும் அதை வடிவமைப்பதிலும் நடத்துவதிலும் சேர்த்துக்கொள்வது. இதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா, இல்லை கிராண்ட் வாங்குவதற்காக எழுதும் அலங்காரமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: ‘நான் இந்தியாவிலிருந்து வருகிறவன், அந்த மக்கள் என்னிடம் ஏன் பேச வேண்டும்?’ உங்களை உண்மையில் உறுத்துவது இந்த வரிதான் என்று தோன்றுகிறது. அதற்கும் வருகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நோய்ப்பரவலியல் படித்து, 14 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் சில ஆண்டுகள் தரவுகளோடு மட்டும்தான் பழக்கம். யாரிடமிருந்து வந்த எண்கள் அவை என்றுகூட யோசித்ததில்லை. அப்புறம்தான் களத்துக்குப் போனேன். நான் மருத்துவர் இல்லை. பழங்குடி மக்களோடு நேரடியாக வேலை செய்ததும் இல்லை, அவர்களைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் பதிவான செய்திகளிலிருந்து.

முதலில் பிரச்சினையின் அளவு. அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. மக்கள்தொகையில் 13 சதவீதம் போல இருக்கும் அவர்கள், டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்று வரை போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1985-லேயே அரசின் ஹெக்லர் அறிக்கை, வெள்ளையர்களுக்குச் சமமான இறப்பு விகிதம் இருந்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 60,000 சிறுபான்மையினர் இறந்திருக்க மாட்டார்கள் என்று கணக்கிட்டது. அதன் பிறகு எவ்வளவோ ஆய்வுகள் வந்தன. இடைவெளியை அளப்பதில் எங்களுக்கு நிகர் நாங்களே. குறைப்பதில்தான் பெருமைப்பட அதிகம் இல்லை.

காரணம் எது என்பதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இனம் என்பது மரபணுவின் இன்னொரு பெயர் என்ற எண்ணம் மருத்துவத்தில் நெடுங்காலம் ஓடியது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் ஈஜிஎஃப்ஆர் சூத்திரமே இதற்கு நல்ல சாட்சி. 2009-ல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்கச் சொன்னது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள்) அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருந்தாலும், கறுப்பின நோயாளியின் சிறுநீரகம் 16 சதவீதம் நன்றாக இருப்பதாகத் தாளில் வரும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் அந்த எண் 20-க்கு இறங்கினாலோ டயாலிசிஸ் தொடங்கினாலோதான் எண்ணப்படும் என்பதால், அவர்கள் வரிசையில் பிந்தினார்கள். 2021-ல் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கமும் அமைத்த கூட்டுக்குழு இனக் காரணி இல்லாத சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. 2023 ஜனவரியில், இந்தப் பெருக்கலால் பின்தள்ளப்பட்ட கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

அதற்காக மரபணுவுக்கே இடமில்லை என்று சொல்ல முடியாது. ஏபிஓஎல்1 என்ற மரபணுவின் சில மாற்றங்கள் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுகின்றன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு பிரதியும் அப்படி அமைந்தால் சிலவகைச் சிறுநீரக நோய்களின் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. 2010-லிருந்து இது உறுதியான செய்தி. ஆனால் அந்த இரட்டை மாற்றம் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் உண்டு, அவர்களிலும் பெரும்பாலானோருக்கு நோய் வருவதில்லை. மீதி எல்லாம் எங்கிருந்து வருகிறது? எந்தப் பகுதியில் வீடு வாங்க வங்கி கடன் கொடுத்தது, காப்பீடு இருந்ததா, மருந்துக்கடை மூடாமல் இருந்ததா, வேலையில் மருத்துவரைப் பார்க்க விடுப்பு கிடைத்ததா என்பதிலிருந்து. இவற்றை அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த அளவு ஆய்வாளருக்குத் தெரியாது. சமூகப் பங்கேற்புக்கான அறிவியல் நியாயம் இவ்வளவுதான். மரியாதை, நியாயம் எல்லாம் இதற்கு மேலே வருபவை.

சரி, இனி நீங்கள் நிச்சயம் கேள்விப்படப்போகும் டஸ்கிகீ ஆய்வு. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் மேக்கன் கவுண்டியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். சிகிச்சை இல்லாமல் விட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பதுதான் நோக்கம். உங்களுக்கு ‘கெட்ட ரத்தம்’, அதற்கு மருத்துவம் செய்கிறோம் என்று அவர்களிடம் சொன்னார்கள். 1940-களின் இறுதியில் பென்சிலின் சிபிலிஸுக்கு வழக்கமான மருந்தாகிவிட்டது. அவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

இந்தக் கதையை வழக்கமாக, ‘அதனால்தான் கறுப்பின மக்கள் ஆய்வுகளை நம்புவதில்லை, ஆகவே நாம் சமூகத்தோடு பழக வேண்டும்’ என்று முடிப்பார்கள். இதில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. 2006-ல் டேவிட் வெண்ட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 20 ஆய்வுகளில் 70,000-க்கும் மேற்பட்டோர் எடுத்த முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டபோது, சிறுபான்மையினர் சம்மதித்த விகிதம் வெள்ளையர்களின் விகிதத்தை ஒட்டியே இருந்தது. அப்படியானால் அவர்களின் எண்ணிக்கை ஆய்வுகளில் குறைவாக இருப்பதற்கு, அவர்களைக் கேட்காததும் கேட்ட இடம், நேரம், நிபந்தனைகளும் பெரிய காரணம். அவநம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. அதையே ஒரே காரணமாக்கினால் குறை அவர்கள் மனதில் இருப்பதாக ஆகிவிடுகிறது, நம் காலண்டரில் இருக்கும் குறை தப்பித்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு முக்கியமானது. டஸ்கிகீயில் சமூகப் பங்கேற்பு குறைவாக இல்லை, நன்றாகவே இருந்தது. உள்ளூர்க் கறுப்பின மருத்துவமனை உதவியது. யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலியர் நாற்பது ஆண்டுகள் அந்த ஆண்களோடு பழகி, காரில் அழைத்துப் போய், குடும்பத்தில் ஒருவர்போல இருந்தார். இலவசச் சாப்பாடு இருந்தது, பிணப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் ஈமச் செலவுக்குப் பணம் இருந்தது. 1969-ல்கூட உள்ளூர் மருத்துவச் சங்கங்களின் ஆதரவைப் பெற்றுத்தான் ஆய்வைத் தொடர்ந்தார்கள். இன்றைய கிராண்ட் விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும்! இல்லாதது இரண்டே இரண்டு: என்ன நடக்கிறது என்ற உண்மை, வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இவற்றைத்தான். மக்கள் தரப்பு ‘இதைச் செய்யாதே’ என்றால் ஏதாவது நிற்குமா? நிற்காது என்றால் அது பங்கேற்பு ஆகாது, ஆள் சேர்ப்புக்கு ஒரு உத்தி.

உண்மையைச் சொல்லாமல் விட்டதற்குச் சர்க்கரை நோய் ஆய்விலும் ஓர் உதாரணம் உண்டு. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர், தங்களிடையே பரவியிருந்த சர்க்கரை நோய்க்குக் காரணம் தெரியட்டும் என்று 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த மாதிரிகளையே பின்னர் மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் திருமணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிகளுக்கும் பயன்படுத்தினார்கள். கடைசியாகச் சொன்னது அவர்களின் தோற்ற நம்பிக்கையையே தொடுவது. வழக்கு பல ஆண்டு நடந்து, 2010-ல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுப்பதோடும் முடிந்தது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்தது. அதில் எழுதியிருந்ததும் அவர்கள் காதில் விழுந்ததும் வேறு வேறாக இருந்தன.

இனி, பலன் கிடைத்த இடங்கள். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தகச் சோதனை. ரொனால்ட் விக்டர் என்ற மருத்துவரின் தலைமையில் நடந்து 2018-ல் வெளியானது. கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் 52 முடிதிருத்தும் கடைகள். மேல் அழுத்தம் (ரத்த அழுத்தத்தில் முதலில் சொல்லும் எண்) 140-க்கு மேல் இருந்த 319 வாடிக்கையாளர்கள். எந்தக் கடை எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒரு பிரிவில் முடிதிருத்துபவர் அழுத்தம் பார்க்க ஊக்குவிப்பார், மருந்தாளுநர் கடைக்கே வந்து, நோயாளியின் மருத்துவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதுவார். இன்னொரு பிரிவில் முடிதிருத்துபவர் உணவு, பழக்கம் பற்றிச் சொல்லி மருத்துவரைப் பார்க்கச் சொல்வார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் அழுத்தம் சராசரி 27 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 9.3. 130/80-க்குக் கீழே வந்தவர்கள் முதல் பிரிவில் 63.6 சதவீதம், இரண்டாவதில் 11.7.

ரத்த அழுத்தச் சோதனைகளில் 27 புள்ளி என்பது கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்க்கும் எண். ஆனால் இதைச் ‘சமூகப் பங்கேற்பின் வெற்றி’ என்று மட்டும் சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. இரண்டு பிரிவும் முடிதிருத்தகத்தில்தான் நடந்தன! இரண்டிலும் நம்பிக்கைக்குரிய மனிதர்தான் பேசினார். வித்தியாசம் மருந்தாளுநரும் மாத்திரையும். அந்த 9.3-லும் ஒரு பகுதி தானாக வந்திருக்கும். அழுத்தம் அதிகமாக இருந்த நாளில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அளக்கும்போது சராசரி எப்படியும் கொஞ்சம் இறங்கும். ஆக, இந்தச் சோதனை நிரூபித்தது இதுதான்: நல்ல மருத்துவத்தை மக்கள் ஏற்கெனவே நம்பிப் போகும் இடத்துக்குக் கொண்டுபோனால் அது வேலை செய்கிறது. கடை இல்லாமல் அதே மருந்தாளுநரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்தச் சோதனை ஒப்பிடவில்லை. பலன் குறைவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்டகால ஆய்வுகளில் ஜாக்சன் இதய ஆய்வைப் படியுங்கள். 1948-ல் தொடங்கிய புகழ்பெற்ற ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வின் 5,209 பேர் பெரும்பாலும் வெள்ளையர்கள். அதிலிருந்து வந்த ஆபத்துக் கணக்குகளைத்தான் எல்லோர்மீதும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். மிசிசிப்பியின் ஜாக்சன் பகுதியில் 2000 முதல் 2004 வரை 5,306 ஆப்பிரிக்க அமெரிக்கர்களைச் சேர்த்தார்கள். எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கை இல்லை. வரலாற்றுரீதியாகக் கறுப்பினத்தவருக்கான ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகமும் டூகலூ கல்லூரியும் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தோடு சம பங்காளிகளாக இருந்தன. டூகலூவில் அந்தக் கல்லூரி மாணவர்களையே இத்துறைக்குப் பயிற்றுவித்தார்கள். நிதி எந்த நிறுவனத்தின் கணக்கில் இறங்குகிறது என்பது, கூட்டத்தில் யார் பேசினார்கள் என்பதைவிட நிறையச் சொல்லும்.

பழங்குடியினரிடம் இது இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தொடங்கிய சிறப்புச் சர்க்கரைநோய்த் திட்டத்தில், திட்டங்களை வகுத்து நடத்துவதில் பழங்குடி நிர்வாகங்களுக்குப் பெரிய கை இருந்தது. 1996-க்கும் 2013-க்கும் இடையில் அமெரிக்கப் பழங்குடியினர், அலாஸ்கா பூர்வகுடியினரிடையே சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகச் செயலிழப்பு 54 சதவீதம் குறைந்தது. இந்தக் களத்தில் நான் அறிந்த மிக நல்ல செய்தி இது. ஆனால் முன்பு, பின்பு என்று ஒப்பிட்டுப் பெற்ற எண் அது. அதே காலத்தில் சிறுநீரகத்தைக் காக்கும் ரத்த அழுத்த மருந்துகளும் பரவலாயின. அதிகாரத்துக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துத் தர யாராலும் முடியாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இப்படி இருக்கும். மக்களோடு சேர்ந்து வடிவமைத்தால் ஆய்வில் சேருபவர்கள் கூடுவார்கள், பாதியில் விலகுபவர்கள் குறைவார்கள், கேள்விகள் கூர்மையாகும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சில தலையீடுகள் நன்றாக வேலை செய்கின்றன என்பதும் உறுதி. ஆனால் பங்கேற்பு மட்டுமே இன இடைவெளியைக் குறைக்கும் என்பதற்குத் திடமான சான்று இல்லை. அது எழுதுகிறவர்களின் நம்பிக்கை. அளப்பதிலும் சிக்கல்: ஒவ்வொரு திட்டமும் ‘பங்கேற்பு’ என்று வேறு வேறு ஒன்றைச் செய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாண்ட்விச்சோடு நடக்கும் கூட்டமும் பங்கேற்புதான், பட்ஜெட்டில் பாதியை ஊர் அமைப்பிடம் கொடுப்பதும் பங்கேற்புதான். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் சராசரியில் ஒன்றும் தெரியாது. ‘சமூகம்’ என்ற சொல்லும் வழுக்கும். கூட்டத்துக்கு வரும் பாதிரியாரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் நல்லவர்கள்தான். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற 35 வயது ஆள், அதாவது எங்கள் ஆய்வுக்கு மிகவும் தேவைப்படுகிறவர், அந்த அறையில் இருப்பதே இல்லை.

கேள்விகள் கூர்மையாகும் என்றேன், அதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று. வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்துக் குறிக்கும் ஆய்வு ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான கருவிகளை வாங்கி வைத்திருந்தோம். ஆலோசனைக் குழுவில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர். கையில் சுற்றும் பட்டையை எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது என் கைக்குப் பத்தாதே, என் வீட்டில் யாருக்கும் பத்தாது” என்றார். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் பாடத்தில் தெரியும். ஆனால் மொத்தமாக ஒரே அளவில் ஆர்டர் போட்டது நான்தான். பின்னர் 2023-ல் வந்த ஒரு சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையால் அளந்தபோது மேல் அழுத்தம் சராசரி 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது என்று படித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் வாய் திறக்காவிட்டால், எங்கள் தரவில் பாதி குப்பை. அதை வைத்து ‘இன வேறுபாடு’ என்று ஒரு கட்டுரையும் எழுதியிருப்போம்.

அதே குழுவில் நாங்கள் அசிங்கப்பட்டதும் உண்டு. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சிறு தொகை தருவதாகச் சொல்லியிருந்தோம். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவு, சமூகப் பாதுகாப்பு எண் எழுதிய வரிப் படிவம் வேண்டும் என்றது. முன்பின் தெரியாத அலுவலகத்துக்கு அந்த எண்ணைக் கொடுக்கச் சிலர் மறுத்தார்கள், மறுத்தது நியாயம். கொடுத்தவர்களுக்கும் பணம் வர நான்கு மாதம் ஆனது. நம்பிக்கையை வளர்ப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் நாங்கள் காட்டிய ஸ்லைடுகளை அவர்கள் எந்த முகத்தோடு பார்த்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சேருவதற்கு முன் உங்கள் வழிகாட்டியிடம் பட்ஜெட்டைக் கேளுங்கள். மாணவர் பட்ஜெட் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், நல்ல வழிகாட்டி காட்டுவார். ஊர் அமைப்புக்குத் தனி ஒப்பந்தம் இருக்கிறதா, அவர்கள் தரப்பில் சம்பளத்துக்கு ஆள் உண்டா, தரவு யார் வசம், முடிவுகளை மக்களிடம் சொல்ல கடைசி ஆண்டில் பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான திட்டங்கள் கோட்டைவிடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். ‘இதுவரை மக்கள் சொல்லி நீங்கள் எதை மாற்றியிருக்கிறீர்கள்?’ என்றும் கேளுங்கள். பட்டை மாதிரி ஒரு கதையாவது உடனே வர வேண்டும். இன்னொன்று, இந்த வகை ஆய்வு மெதுவாகத்தான் போகும். உங்கள் வகுப்பு நண்பர் பொதுத் தரவை வைத்து மூன்று கட்டுரை போடும்போது நீங்கள் ஒன்று போடலாம். அதைத் தாங்க உங்கள் உதவித்தொகைக் காலம் போதுமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி அந்தக் கடைசி வரி. இந்தியாவிலிருந்து வந்தவர் என்பது தடையாக இருக்குமா? எனக்கும் அதே பயம் இருந்தது. நம்மவர்களும் அங்கே ஆய்வுப் பொருள்தான் என்பது முதலில் கொஞ்சம் உதவியது. தெற்காசியர்களின் இதய நோயை மட்டும் பார்க்கும் மசாலா ஆய்வு (ஆமாம், பெயரே அதுதான்) 2010 முதல் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் நடக்கிறது. ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்தில் எல்லோரையும் போட்டதால் நம்மவர்களின் சர்க்கரை நோய் எவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்தது என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குவேன். ஆனால் அவர்கள் அதற்காக என்னை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். நான் எந்த நாட்டவன் என்று அதிகம் பேர் கேட்கவில்லை. குழுவில் மூத்தவரான ஒரு அம்மா முதல் நாளே கேட்டது, “உங்கள் பணம் எந்த வருஷம் முடிகிறது?” என்று. இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது என்றேன். எனக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் எடுத்துப் போன நான்கு குழுக்களின் பெயரை வரிசையாகச் சொன்னார். அதில் ஒரு குழுகூட முடிவைச் சொல்லத் திரும்பி வரவில்லையாம். உங்களிடமும் அந்தக் கேள்வி வரும். பதிலோடு போங்கள்.